சாட்சிக் கூண்டில் ஒரு பிள்ளை



மலாக்கா மாநிலத்தில் நம்மவர் வரலாற்றைப் பேசத் தொடங்கினால் பால்மரத்திலிருந்து தொடங்குவதே வழக்கம். டான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனர் 1896-ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ஏறக்குறைய 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. அதைத் தொடர்ந்து ஜாசின், அலோர்காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. அவற்றோடு நம் முன்னோரும் வந்து லயங்களில் குடியேறினர். இதையெல்லாம் நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்கிறார்கள்.

இன்றைய உரையில் மரத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. மரத்தடியில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஒரு பிள்ளை அடித்துத் துன்புறுத்தப்பட்டாலோ, பாலியல் கொடுமைக்கு ஆளானாலோ, அந்தப் பிள்ளையின் சொல்லைச் சட்டம் எப்போதிலிருந்து காது கொடுத்துக் கேட்கத் தொடங்கியது? அதற்கு எத்தனை காலம் பிடித்தது? அந்தச் சட்டம் நம் வீட்டு வாசலுக்கு வந்து சேர நாம் செய்ய வேண்டியது என்ன? இவையே இன்றைய பொருள்.

முதலில் நம் தோட்டத்து வழக்கத்தையே எண்ணிப் பார்ப்போம். லயத்தில் சண்டை என்றால் கங்காணியிடம் போவார்கள். அங்கே தீராவிட்டால் கிராணி. கிராணிக்கு மேல் துரை. போலீஸ் நிலையமும் நீதிமன்றமும் பட்டணத்தில் இருந்தன. பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடும். ஆகவே தோட்டத்து வழக்குகள் தோட்டத்திலேயே முடிந்தன. கோழி திருடியதற்கும், கள்ளுக்கடைச் சண்டைக்கும் அந்த முறை போதுமானதாக இருந்திருக்கலாம். ஆனால் ஒரு சிறுபிள்ளைக்கு இழைத்த கொடுமையையும் அதே திண்ணையில் வைத்துப் பேசியபோது என்ன நடந்தது? இரண்டு குடும்பமும் நாளைக்கும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். ஒரே கோயில் திருவிழாவில் நிற்க வேண்டும். லயம் அமைதியாக இருக்க வேண்டும் என்பதே பெரியவர்களின் கவலையாக இருந்தது. மன்னிப்புக் கேட்டார்கள், சில வேளை கொஞ்சம் பணம் கைமாறியது, பெண்பிள்ளையானால் உறவினர் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அந்தப் பேச்சில் பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி, நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் மட்டும் கேட்டிருப்பார்களா? அதற்கும் ஒரு நீண்ட கதை உண்டு.

மலாக்கா 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1826-இல் வந்த இரண்டாம் நீதிச் சாசனம், பினாங்கில் முன்பே இருந்த ஆங்கிலச் சட்டத்தைச் சிங்கப்பூருக்கும் மலாக்காவுக்கும் கொண்டு வந்தது. எனவே, ரப்பர் நடுவதற்கு 70 ஆண்டுகளுக்கு முன்பே ஆங்கில நீதிமன்ற முறை இங்கே வந்துவிட்டது எனலாம். அந்த முறையில் சாட்சி என்பவர் கடவுள்மேல் ஆணையிட்டுப் பேச வேண்டும். ஆணையின் பொருள் தெரியாத பிள்ளையை எப்படிச் சாட்சியாக ஏற்பது? 1779-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நீதிபதிகள் பன்னிருவர் கூடி ஒரு முடிவுக்கு வந்தனர். சாட்சி சொல்ல இத்தனை வயது என்று எல்லை கிடையாது. ஆணையின் பொருளை உணர்ந்த பிள்ளை சாட்சி சொல்லலாம் என்பது அந்த முடிவு. பார்வைக்கு இது தாராளமாகத் தோன்றும். ஆனால் ஆணையின் பொருளைச் சொல்லத் தெரியாத சிறுபிள்ளை, நடந்ததை நன்றாகச் சொல்லக் கூடியதாக இருந்தாலும், வெளியே நிற்க வேண்டியதாயிற்று.

இந்தியாவில் 1872-இல் சாட்சியச் சட்டம் இயற்றப்பட்டது. அதைப் பின்பற்றித்தான் மலாக்காவை உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1893-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் வந்தது. இன்று நம் நாட்டில் உள்ள 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமும் அதே வழி வந்ததுதான். அதன் 118-ஆம் பிரிவு வயது எல்லை எதையும் விதிக்கவில்லை. கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவோடு பதில் சொல்லக்கூடிய எவரும் சாட்சி ஆகலாம் என்கிறது. ஆனால் ஆணையிடாமல் பேசும் சிறுபிள்ளையின் சொல்லுக்கு வேறோர் ஆதாரம் துணை நின்றாலன்றித் தண்டிக்கக் கூடாது என்ற விதியும் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தது. பிள்ளைகள் கற்பனை செய்வார்கள், சொல்லிக் கொடுத்ததைச் சொல்வார்கள் என்ற ஐயம் நீதிபதிகள் மனத்தில் வேரூன்றியிருந்தது. இத்தகைய கொடுமைகளோ பெரும்பாலும் யாரும் பார்க்காத இடத்தில் நடப்பவை. அப்படியிருக்க, பக்கத் துணைச் சாட்சிக்குப் பிள்ளை எங்கே போகும்?

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். வயதில் சிறியவர்களைக் கொடுமையிலிருந்து காப்பது அரசின் கடமை என்ற எண்ணமே உலகுக்குப் புதியது. 1874-இல் நியூயார்க்கில் மேரி எல்லன் என்ற பத்து வயதுச் சிறுமியை வளர்ப்புத் தாயின் கொடுமையிலிருந்து மீட்க முயன்றவர்களுக்கு வழி தெரியவில்லை. கடைசியில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தைத் தோற்றுவித்த ஹென்றி பெர்க் என்பவரின் உதவியோடுதான் அவள் நீதிமன்றம் சேர்ந்தாள். அவள் தன் வாயாலேயே நடந்ததைச் சொன்னாள்; நீதிமன்றம் கேட்டது. அதன் பிறகே குழந்தைகளுக்கென ஒரு பாதுகாப்புச் சங்கம் அந்நகரில் அமைந்தது. இங்கிலாந்தில் குழந்தைக் கொடுமையைத் தடுக்கும் சட்டம் வந்தது 1889-இல்தான்.

நம் நாட்டுக்கு வருவோம். சமூக நல இலாகா 1946-இல் தோன்றியது. 1947-இல் சிறார் நீதிமன்றச் சட்டம் வந்தது. ஆனால் அச்சட்டம் பெரிதும் தவறு செய்த சிறுவரைப் பற்றியது. பிள்ளைகளின் வேலையைப் பற்றிய சட்டம் 1966-இல் வந்தது. தவறு செய்த பிள்ளையையும் வேலை செய்யும் பிள்ளையையும் சட்டம் பார்த்துவிட்டது. வீட்டுக்குள்ளே அடிபடும் பிள்ளைக்கென்று ஒரு தனிச் சட்டம் வருவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின.

முதலில் விழித்துக் கொண்டவர்கள் டாக்டர்கள். 1985-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் கொடுமைக்கு ஆளானதாக ஐயப்படும் குழந்தைகளைக் கவனிக்கத் தனிக்குழு ஒன்று அமைந்தது. மாடிப்படியில் விழுந்தான், சுடுநீர் கொட்டிவிட்டது என்று சொல்லிக் கொண்டு வரும் குழந்தைகளின் காயங்கள் வேறு கதை சொல்வதை அவர்கள் கண்டனர். பிறகு 1990-ஆம் ஆண்டில், இரண்டு வயதைத் தாண்டிய ஒரு தமிழ்க் குழந்தை கொடுமைக்கு ஆளாகிக் கோலாலம்பூரில் மாண்டது. நாடே கலங்கியது. பத்திரிகைகள் எழுதின, மக்கள் கேள்வி கேட்டனர். அடுத்த ஆண்டே, 1991-இல், குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நேயர்களே, நாட்டின் எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் காவலாக வந்த அந்தச் சட்டத்தின் பின்னே நம் இனத்துக் குழந்தை ஒன்றின் மரணம் இருக்கிறது. இதை நாம் மறக்கலாகாது.

அதன் பிறகு படிகள் விரைவாக அமைந்தன. 1994-இல் கோலாலம்பூர் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஒரு தனி அறை ஏற்பட்டது. கொடுமைக்கு ஆளானவர் டாக்டரிடம் ஓரிடம், போலீசிடம் ஓரிடம், நல அதிகாரியிடம் ஓரிடம் என்று அலையாமல், எல்லாரும் அவரிடமே வந்து சேரும் ஏற்பாடு அது. பின்னர் நாடு முழுவதும் அரசாங்க மருத்துவமனைகளுக்கு அது பரவியது. 1995-இல் மலேசியா ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை ஒப்பந்தத்தை ஏற்றது. முன்பிருந்த மூன்று சட்டங்களை ஒன்றாக்கி 2001-ஆம் ஆண்டுக் குழந்தைச் சட்டம் வந்தது. குழந்தை கொடுமைக்கு ஆளானதாக நம்பும் டாக்டரும், குடும்பத்தாரும், குழந்தையைப் பராமரிப்பவரும் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்த பாட்டியின் காலத்தில் அப்படி ஒரு கடமை எழுத்தில் இல்லை. இன்று பிள்ளை பார்ப்பவர் எவருக்கும் அது உண்டு. 2016-இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, பிள்ளையைக் கொடுமைப்படுத்துவோருக்கான தண்டனை 50,000 வெள்ளி வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை என உயர்ந்தது.

இவை பிள்ளையைக் காக்கும் சட்டங்கள். பிள்ளையின் சொல்லைக் கேட்கும் சட்டம் 2007-இல் வந்தது. குழந்தைச் சாட்சிகளின் சாட்சியச் சட்டம் என்பது அதன் பெயர். அது செய்த மாற்றத்தை ஒரு பிள்ளையை மனத்தில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி என்று வைத்துக் கொள்வோம். ஆண்பிள்ளைகளும் இக்கொடுமைக்கு ஆளாவதுண்டு என்பதையும் நினைவில் வைப்போம்.

பழைய முறையில் அவள் முன்பின் அறியாத பெரிய கூடத்தில் ஏறி நிற்க வேண்டும். கறுப்பு அங்கி அணிந்தவர்கள் சுற்றிலும் இருப்பார்கள். தனக்குத் தீங்கு செய்தவர் எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்துக் கொண்டிருப்பார். ஏற்கெனவே அம்மாவிடம், ஆசிரியரிடம், போலீசிடம், டாக்டரிடம் சொன்னதை மீண்டும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கே நா வறளும் இடம் அது. பிள்ளை வாயடைத்து நின்றால், சாட்சி இல்லை என்று வழக்கு விழுந்துவிடும்.

2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அவளுக்கும் எதிரிக்கும் இடையே திரை போடலாம். வேறோர் அறையில் அமர்ந்து தொலைக்காட்சி வழியாக அவள் பேசலாம். பயிற்சி பெற்ற அதிகாரி அவளைப் பேட்டி கண்டு எடுத்த ஒளிப்பதிவையே அவளது முதல் சாட்சியமாக ஏற்கலாம். கேள்விகளை அவளுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல இடையாள் ஒருவர் இருக்கலாம். வழக்குரைஞர்கள் அங்கியைக் கழற்றிவிட்டு வர வேண்டும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிது ஒன்று உண்டு. அவள் நம்பும் பெரியவர் ஒருவர் அவள் பக்கத்தில் உடன் இருக்கலாம்.

2017-இல் பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் சட்டம் வந்தது. அதே ஆண்டு புத்ராஜெயாவில் இத்தகைய வழக்குகளுக்கென்றே தனி நீதிமன்றம் திறக்கப்பட்டது. அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட குற்றங்களில், பக்கத் துணைச் சாட்சி இல்லாமலும், பிள்ளையின் சொல்லை மட்டும் நம்பி நீதிமன்றம் தண்டிக்கலாம். முன்னே சொன்ன பழைய ஐயத்தின் பிடி இங்கேதான் தளர்ந்தது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தம், 16 வயதுக்கு உட்பட்டோர் என்றிருந்த குழந்தைச் சாட்சி எல்லையை 18 ஆக உயர்த்தியது. சாட்சியத்தைத் தனி அமர்வில் முன்கூட்டியே பதிவு செய்யவும் அது வழி செய்தது.

சட்டம் இவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டது. எஞ்சியிருக்கும் தூரம் நம் வீட்டு வாசலுக்கும் போலீஸ் நிலையத்துக்கும் இடையே உள்ளது. அதை நாம்தான் நடக்க வேண்டும். அதற்குச் சில விளக்கங்கள் சொல்ல விரும்புகிறேன்.

பிள்ளை வந்து சொன்னால், கேளுங்கள். “உண்மையா, பொய்யா?” என்று மிரட்ட வேண்டாம். “ஏன் அங்கே போனாய்?” என்று திட்ட வேண்டாம். திரும்பத் திரும்பக் கேட்டுத் துருவவும் வேண்டாம். பல பேர் பல முறை கேட்டால் பிள்ளையின் சொல் மாறும், நாளைக்கு நீதிமன்றத்தில் “இதை யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது?” என்ற கேள்வி எழும். பிள்ளை சொன்ன அதே வார்த்தைகளை, அது மழலையாக இருந்தாலும், தேதி போட்டு எழுதி வையுங்கள். பிறகு உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். பாலியல் கொடுமையாக இருந்தால் குளிப்பாட்ட வேண்டாம். உடுத்தியிருந்த துணியைத் துவைக்க வேண்டாம். மலாக்கா மருத்துவமனைக்கோ, அருகில் உள்ள ஜாசின் அல்லது அலோர்காஜா மருத்துவமனைக்கோ போய் அவசரப் பிரிவில் சொன்னால் போதும். போலீசும் நல இலாகாவும் அங்கிருந்தே தொடங்கும். சில நாள் கழித்துத் தெரியவந்தாலும் போங்கள். காயம் ஆறிவிட்டது என்பதால் வழக்கு இல்லை என்று ஆகிவிடாது. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 15999 என்ற தாலியான் காசிஹ் எண்ணுக்கு அழைக்கலாம்.

“வழக்குரைஞர் வைக்க நம்மிடம் பணம் ஏது?” என்று பலர் தயங்குவதுண்டு. இது குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடக்கும் வழக்கன்று. வழக்கை நடத்துவது அரசாங்கம். பிள்ளைக்காகப் பேசுபவர் அரசாங்க வழக்குரைஞர். அவருக்கு நாம் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. பாலியல் குற்றத்துக்கு ஆளான பிள்ளைக்குச் சட்ட உதவி இலாகா இலவசமாகத் துணையாளர் ஒருவரையும் தருகிறது. தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் பிள்ளையானால், தமிழிலேயே சொல்ல மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் நாளே கேளுங்கள். வீட்டில் வழங்கும் சொல்லில் சொன்னதை வேற்று மொழியில் திணறிச் சொல்லும்போது பொருள் கெட்டுவிடும்.

“பேசித் தீர்த்துக் கொள்ளலாம்” என்று யாராவது வந்தால், ஒன்றைச் சொல்லுங்கள். வழக்குத் தொடுப்பதா, கைவிடுவதா என்ற முடிவு அரசாங்க வழக்குரைஞர் தலைவருடையது. இரண்டு குடும்பம் சேர்ந்து மூடிவிட முடியாது. அதுவுமன்றி, பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தும் போலீசுக்குத் தெரிவிக்காதிருப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கத் தக்க குற்றம். சமாதானம் பேச வரும் பெரியவருக்கும் இது பொருந்தும். பிள்ளையின் பெயரும் படமும் வெளியே வந்துவிடுமோ என்ற அச்சமும் வேண்டாம். அடையாளத்தை வெளியிடுவதைக் குழந்தைச் சட்டம் தடுக்கிறது. நாமும் கோயிலிலும் கடையிலும் வாயைக் கட்டிக் கொள்ள வேண்டும். கைப்பேசியில் பரப்பக் கூடாது.

அடுத்து வருவது காத்திருப்பு. புகார் கொடுத்த பின் மாதங்கள் ஓடும். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று போலீசாரிடம் கேட்டு அறியும் உரிமை புகார் கொடுத்தவருக்கு உண்டு. 2006-இல் திருத்தப்பட்ட குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-அ பிரிவு அதைத் தருகிறது. வழக்கு நீதிமன்றம் வந்த பிறகும் தள்ளி வைப்பார்கள். அசகானிலிருந்தோ தெபோங்கிலிருந்தோ அயேர் கெரோ நீதிமன்ற வளாகத்துக்கு ஒரு நாள் வேலையை விட்டுப் போய், இன்னொரு தேதி வாங்கிக் கொண்டு திரும்புவது எவ்வளவு சலிப்பு! நம் குடும்பங்கள் மனம் தளர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அக்கம்பக்கத்தார் செய்யக்கூடிய உதவியும் இங்கேதான் இருக்கிறது. ஒருவர் வண்டி கொடுக்கலாம். ஒருவர் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக் கொள்ளலாம். ஆசிரியர் அந்தப் பிள்ளை பள்ளியை விட்டுவிடாமல் பார்த்துக் கொள்ளலாம். வழக்கு முடியும்வரை பிள்ளை விளையாட வேண்டும், படிக்க வேண்டும், சிரிக்க வேண்டும்.

தீர்ப்பு எதிராகப் போகவும் கூடும். ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்பது குற்றவியல் நீதி. எதிரி விடுதலையானால், பிள்ளை பொய் சொன்னது என்று அதற்குப் பொருளன்று. இதைப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். “நீ சொன்னதை நாங்கள் நம்புகிறோம்” என்ற ஒரு வாக்கியம் நீதிமன்றத்தால் கொடுக்க முடியாதது. அதை வீடு கொடுக்க முடியும்.

முடிவாக ஒன்று. ஒரு காலத்தில் நம் பெற்றோர் சம்பளக் குறையைக்கூடக் கிராணியிடம் தலை சொறிந்துதான் கேட்டார்கள். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்த பிறகு, நம்மவர் மனு எழுதக் கற்றனர்; அதிகாரிகள் முன் நின்று சாட்சி சொல்லக் கற்றனர்; தேதி தள்ளிப் போனாலும் மீண்டும் போய் நின்றனர். சம்பளத்துக்காக நாம் கற்ற அந்தப் பாடத்தைப் பிள்ளைக்காகவும் எடுத்துக் கொள்வோம். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பலர் லயத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் போய்விட்டோம். ஆனாலும் திண்ணையில் பேசி மூடும் பழக்கம் நம்முடன் பட்டணத்துக்கும் வந்திருக்கிறது. சட்டம் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறது. நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவர் வந்து அமர்வதற்கான நாற்காலி அது. அதில் போய் அமர நம் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் முன்வர வேண்டும்.